முப்பது அங்குல வளைவு

மகளுக்குக் கல்யாணமாகி அவள் புருஷன் வீட்டுக்குப் போன மறுமாதமே, அவளுடைய அறையில் எட்டடிக்கு நாலடி மேசை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ரயில் விட்டார் கட்டிங் மாஸ்டர். இப்படிச் சொன்னால் ஆள் கல்நெஞ்சக்காரர் என்று தோன்றும். அப்படியில்லை. காலியாகக் கிடந்த அந்த அறையைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது. கதவைச் சாத்தி வைத்தாலும் அடைத்தது. அதற்குள் எதையாவது போட்டு நிரப்பினால்தான் சோறு இறங்கும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஊசி வாங்கப் போன கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை ரயில் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஊசியை மறந்துவிட்டு ரயிலோடு வீடு வந்து சேர்ந்தார்.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவலாளி என்று யார் யாருக்கோ சீருடை தைத்துத் தள்ளுகிற தொழிற்சாலை ஒன்றில் அவர் முப்பத்தோரு வருடமாகத் துணி வெட்டுகிறார். தைப்பவர்கள் நாற்பது பேர், வெட்டுவது அவர் ஒருவர்தான். அவருடைய கத்தரி ஒரு நூல் பிசகினால் நாற்பது பேருடைய வேலையும் பாழ் என்பதால், அங்கே முதலாளியைவிட மாஸ்டருக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். அவரோ யாரையும் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அதட்ட வேண்டுமானால் முதலில் பேச வேண்டுமே! வாயைத் திறந்தால் அளவுதான் வரும்.

"உங்கப்பாவுக்கு என்மேல ஆசை இருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா என் தோள் அளவு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு" என்று அவர் மனைவி மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ரயிலுக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி.

ஐம்பத்தெட்டு வயது மனிதர் பொம்மை ரயில் ஓட்டுகிறார் என்றால் கேலி செய்ய நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களை நம்முடைய மாஸ்டரின் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியை மடித்து நிலையத்துக்குக் கூரை போட்டிருந்தார். காலியான நூல்கண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளாக நின்றன. தண்டவாளத்தை மட்டும் அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மேசை நாலடி அகலம், அதாவது நாற்பத்தெட்டு அங்குலம். இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு அங்குலம் விட்டு, நடுவில் ஒரு ஆணி அடித்து, ஆணியில் நூலைக் கட்டி, நூல் முனையில் பென்சிலைக் கட்டிச் சுற்றினால் இருபத்திரண்டு அங்குல ஆரத்தில் வளைவு கிடைக்கும். அதற்குமேல் ஒரு நூலளவு கூட அந்த மேசையில் கிடைக்காது. அவருடைய ரயில் பெட்டிகளோ ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம். மொத்தம் எட்டு. அந்த வளைவில் அவை முனகிக்கொண்டுதான் திரும்பும். ஆனால் விழுந்ததில்லை.

நாலு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மகள் ஒரே ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்ம்மா."

அம்மாக்காரிக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் படிக்காமல் அத்தனையும் கேட்டார்.

மாப்பிள்ளை அடிக்கிறவன் இல்லை. குடிக்கிறவன் இல்லை. கோபம் வந்தால் பேச மாட்டான், அவ்வளவுதான். அவன் நண்பர்களுக்கு முன்னால் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள் என்று இருபத்தைந்து நாள் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருபத்தைந்து நாள். பேச வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்லுவான். போன வாரம் வேலையிலிருந்து அவள் வரத் தாமதமானதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கவில்லை. கொட்டுகிற மழையில் ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் நின்றிருக்கிறாள். கடைசியில் கதவைத் திறந்தவன் அவளைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டான்.

அடிக்கிறவனைப் பற்றியாவது அக்கம்பக்கத்தில் நாலு வார்த்தை பேசுவார்கள். இப்படிப் பேசாமலே ஆளைக் கரைக்கிறவனுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'அமைதியான பையன்'. மாஸ்டரும் கல்யாணத்தின்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் பெருமைப்பட்டார். தன்னைப் போலவே வாய் திறக்காத பையன், நல்ல பையனாகத்தான் இருப்பான் என்று நினைத்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மகள் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அந்த சோபா பத்தாது. கால் இரண்டும் கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாஸ்டர் அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு ரயில் அறையின் கதவைப் பார்த்தார். போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அவருடைய போனுக்கு மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. மகளுக்கு இல்லை, அவருக்கு. 'அடுத்த ஞாயிறு காலை வருகிறேன். அவளைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.' மாஸ்டர் அதை மகளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, "சரி, போறேன். எத்தனை நாள்தான் உங்க சோபாவுல கிடக்கறது" என்றாள். குரலில் வருத்தம் கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

அவள் போகக் கூடாது. அது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம்தான். உங்களுக்கும் எனக்கும் அது சுலபம். அவருக்குத்தான் வார்த்தை வாயில் வராதே! இந்த வீட்டில் அவளுக்கு ஒரு கட்டில் போட இடம் இருந்தால், 'உன் கட்டில்' என்று காட்டிவிட்டாவது நிற்கலாம். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ரயில் அறைக்குப் போனார்.

அறை ஒன்பதடிக்கு எட்டடி. எட்டடி அகலத்தில் மேசை நாலடி, கட்டில் மூன்றடி. மிச்சம் ஓரடி. கதவு கூடப் பாதிதான் திறக்கும். மேசையில் ஒரு அடியைக் குறைத்தால் ஆள் நடக்க வழி கிடைக்கும். குறைத்தார். ஞாயிறு காலையிலேயே ரம்பத்தை எடுத்து, நாலடி மேசையை மூன்றடியாக அறுத்தார். மரத்தூள் கூடம்வரை பறந்தது. பிறகு நடுவில் ஆணி அடித்து, நூலைக் கட்டிச் சுற்றினார். ஆரம் பதினாறு அங்குலம் வந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டே தண்டவாளத்தை அதன்மேல் வளைத்துப் பதித்தார்.

எஞ்சின் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. முதல் இரண்டு பெட்டியும் போய்விட்டன. மூன்றாவது பெட்டியின் மூலையும் நாலாவது பெட்டியின் மூலையும் வளைவின் உட்பக்கத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அடுத்த நொடி எட்டுப் பெட்டியும் சாய்ந்து, அவற்றில் மூன்று தடதடவென்று தரையில் விழுந்தன. மறுபடி தூக்கி வைத்தார், மெதுவாக ஓட்டினார். மறுபடி விழுந்தன. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும், ஓரடி நீளப் பெட்டி பதினாறு அங்குல ஆரத்தில் திரும்பாது. வேகத்துக்கு அதில் வேலையே இல்லை, அளவு அப்படி.

சத்தம் கேட்டு மகள் வந்து நிலைப்படியில் நின்றாள். அறுபட்ட மேசையைப் பார்த்தாள், அப்பா கையிலிருந்த உடைந்த பெட்டியைப் பார்த்தாள்.

"எனக்காகவா அறுத்தீங்க?"

"ம்."

"ஏம்பா இப்படிப் பண்றீங்க? நாலு வருஷமாப் பார்த்துப் பார்த்துச் செஞ்சது. நான்தான் அடுத்த ஞாயித்துக்கிழமை போயிடப் போறேனே. விடுங்கப்பா."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இடம் கொடுக்கிறேன் என்று கிளம்பி, அவள் இந்த வீட்டுக்குப் பாரம் என்பதை அவள் கண்முன்னாலேயே அறுத்துக் காட்டியது போல் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் வேறொரு ரகளை. ஏதோ பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்கு நாற்பது குடைவெட்டு கவுன் தைக்க வேண்டும். சுற்றினால் குடை மாதிரி விரிகிற, முழு வட்டமான கவுன். துணி வந்து இறங்கியதும் பார்த்தால் அகலம் பத்தவில்லை. தையல் மேற்பார்வை பார்க்கிற அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு மாஸ்டரிடம் ஓடிவந்தாள்.

"மாஸ்டர், வட்டம் இதுல அடங்காது மாஸ்டர்! திருப்பி அனுப்பிடலாமா?"

"முழு வட்டமா ஏன் பார்க்கறே? கால் கால் வட்டமா வெட்டி நாலு மூலையில போடு. நடுவுல மிஞ்சறதுல இடுப்புப் பட்டி எடுத்துக்கலாம்."

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த கத்தரி துணியில் பாதி வழியில் நின்றது. அந்த அம்மாள், மாஸ்டருக்கு மாரடைப்போ என்று பயந்து தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

வட்டம் ஒரே மேசையில்தான் அடங்க வேண்டும் என்று யார் சொன்னது? கால் வட்டம் ஒன்று அறையின் இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில். நாலு மூலைக்கும் நாலு. இடையில் சுவரை ஒட்டி நேர்கோடு. நெஞ்சு உயரத்தில் சுவரைச் சுற்றிப் பலகை அடித்தால் மேசையே வேண்டாம். அறையின் நடு முழுக்கக் காலி, கட்டிலுக்கு. அதைவிட வேடிக்கை, வளைவு சுருங்கவே வேண்டியதில்லை. மனதுக்குள் அளந்து பார்த்தார். முப்பது அங்குல ஆரம் தாராளமாகக் கிடைக்கும். நாலு வருடமாக மேசையை நடுவில் போட்டு உட்கார்த்தி வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு அங்குலத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று மத்தியானமே ஐந்து நாள் விடுப்பு கேட்டார். முதலாளி அவர் முகத்தைப் பார்த்து, "உடம்புக்கு ஏதாவதா மாஸ்டர்?" என்று விசாரித்தார். முப்பத்தோரு வருடத்தில் மாஸ்டர் இப்படி விடுப்பு கேட்டதே இல்லை.

தொழிற்சாலையின் மேசைகளைப் பழுதுபார்க்கிற தச்சர் செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். அறுத்த மேசையைப் பிரித்துப் போட்டு, சுவரைச் சுற்றிலும் பலகை அடித்தார்கள். மூலைகளில் மூன்றடி முக்கோணப் பலகைகள். வாசலுக்கு நேரே மட்டும் கழற்றி மாட்டுகிற ஒரு துண்டு.

"மாஸ்டர், சட்டை தச்சா உடம்புக்கு ஏத்த மாதிரி தைப்பீங்க. இப்ப ரூமுக்கே சட்டை தைக்கறீங்களா?" என்று தச்சர் கேட்டார். மாஸ்டர் ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

அவர் மனைவி அடுப்படிக்கும் அறைக்கும் நடந்து நடந்து தேய்ந்தாள். "இங்க பொண்ணு வாழ்க்கை அந்தரத்துல தொங்குது. நீங்க சுவத்துல பலகை தொங்கவிட்டுட்டு இருக்கீங்க. நாலு வார்த்தை அவகிட்ட உக்காந்து பேசினா என்ன, முத்து உதிர்ந்துடுமா?"

"முடிச்சிட்டுப் பேசறேன்."

"என்னத்தை முடிச்சிட்டு?"

மாஸ்டர் அடுத்த பலகையை அளக்கக் குனிந்துவிட்டார். மகளும் தப்பாகத்தான் புரிந்துகொண்டாள். உடைந்த ரயிலை அப்பா சுவரில் ஏற்றிக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தாள். நல்லது, அவருக்காவது ஒரு பிடிப்பு இருக்கட்டும் என்று சோபாவிலேயே கிடந்தாள். கட்டில் விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. முடியாத சட்டையைக் காட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வளைவு வரைவதில் ஒரு சிக்கல் இருந்தது. முப்பது அங்குல வட்டத்தின் மையம் பலகையில் விழாது. மூலையிலிருந்து தள்ளி, அறையின் வெறும் காற்றில் இருக்கும். காற்றில் ஆணி அடிக்க முடியுமா? மாஸ்டர் கவலைப்படவில்லை. குடைவெட்டு கவுனை அவர் எப்படி வெட்டுவாரோ அப்படியே செய்தார். பழுப்புக் காகிதத்தை நாலாக மடித்துக் கூடத்துத் தரையில் விரித்தார். மடிப்பு மூலையில் நூலைப் பிடித்து, முப்பது அங்குலத்தில் பென்சிலைக் கட்டி, ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இழுத்தார். கத்தரியை எடுத்து ஒரே ஓட்டமாக வெட்டினார். பிரித்து மடிப்பில் அறுத்ததும் ஒரே மாதிரி நாலு கால் வட்டம். சுவரிலிருந்து முப்பத்து மூன்று அங்குலத்தில் கோடு போட்டு, காகிதத்தின் நேர் ஓரத்தை அந்தக் கோட்டில் நிறுத்தினால், வளைந்த ஓரம் பலகையில் தானாக வந்து உட்காரும். அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டிவிடலாம். நேர்த் தண்டவாளத்துக்குச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் விட்டுக் கோடு போட்டிருந்தார். முப்பதும் மூன்றும் முப்பத்து மூன்று. கணக்கில் ஒரு ஓட்டை இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு வளைவையும் பசை போட்டு ஒட்டினார். சனிக்கிழமை காலை நேர்த் தண்டவாளத்தை வைத்துப் பார்த்தார். சேரவில்லை.

நேர்த் தண்டவாளம் இங்கே நிற்கிறது, வளைவின் நுனி அரை அங்குலம் சுவர்ப் பக்கமாகத் தள்ளி நிற்கிறது. அடுத்த முனையைப் பார்த்தார். அங்கேயும் அரை அங்குலம். நாலு வளைவு, எட்டு முனை. எட்டு இடத்திலும் அச்சு எடுத்தது போல அரை அங்குலம். கோட்டை அளந்தார், சரி. நூலை அளந்தார், முப்பது, சரி. சுவரை அளந்தார், சுவர் என்ன ஓடியா போகும், சரி. காகிதத்தை மட்டும் அளக்கவில்லை. மாஸ்டர் வெட்டிய காகிதத்தை மாஸ்டரே அளப்பாரா? அந்தத் தொழிலில் காகிதம்தான் அளவு. உலகம்தான் அதற்குச் சரியாக இருக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் போய்விட்டது. மறுநாள் மாப்பிள்ளை வந்துவிடுவான். பலகைக்கடியில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் மகள் அந்த வாரத்தில் முதல் தடவையாக அறைக்குள் வந்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

"எட்டு இடத்துல தப்பு."

"எவ்வளவு?"

"அரை அங்குலம். எல்லா இடத்துலயும் அரை அங்குலம்."

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். குனிந்து ஒவ்வொரு முனையாகப் பார்த்துக்கொண்டே போனாள். "எங்க லேப்ல எட்டு பேரு ரத்தத்துலயும் ஒரே தப்பு வந்தா, ரத்தத்தை சந்தேகப்பட மாட்டோம்பா. மெஷினைத்தான் பார்ப்போம். எதை வச்சு வரைஞ்சீங்க?"

அவர் மூலையில் கிடந்த காகிதத்தைக் காட்டினார். துணியின் உள்பக்கத்தில்தான் குறி போடுவது என்ற பழக்கத்தில், காகிதத்தைக் கோடு கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தே வேலை செய்திருந்தார். அவள் அதை எடுத்துத் திருப்பினாள். பென்சில் கோடு ஒரு பக்கம் அழகாக வளைந்து போனது. அதற்கு வெளியே, கோட்டை விட்டு விலகாமல் அரை அங்குலம் தள்ளி, கத்தரி வெட்டிய ஓரம் வளைந்து போனது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மாஸ்டர் பதறி எழுந்தார்.

"அப்பா... தையலுக்கு விட்டிருக்கீங்கப்பா!"

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தையலுக்குள் மடங்கிப் போகிற துணிக்காகக் கோட்டுக்கு வெளியே வெட்டியே பழகி, முப்பத்தோரு வருடமாகக் கோட்டின்மேல் ஒரு தடவை கூட வெட்டாத கை. மடிப்பில் விட வேண்டாம், வளைவில் அரை அங்குலம் விடு என்று யாரும் சொல்லாமலே அதுபாட்டுக்கு விட்டிருக்கிறது. ரயிலைத் தைக்கவா போகிறோம் என்று அதற்கு என்ன தெரியும்? மகள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். கரண்டியும் கையுமாக ஓடிவந்த அம்மா விஷயத்தைக் கேட்டு, "சக்களத்திக்கு ஜாக்கெட்டே தச்சிட்டாரா!" என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து நாள் ஒருவன் பேசாமலிருந்தது இந்தச் சிரிப்புக்காகவா என்று நினைத்ததும் சிரிப்பு நின்று, பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒட்டிய வளைவைப் பிய்க்க முடியாது. ஒட்டாத நேர்த் தண்டவாளத்தைச் சுவர்ப் பக்கம் அரை அங்குலம் நகர்த்தினார்கள். சேர்ந்தது. எட்டுப் பெட்டியும் ஓடின. ஆனால் நேரிலிருந்து வளைவுக்குள் நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் பெட்டிகள் வெடுக்கென்று தலையை ஆட்டின. இது மட்டும் மாஸ்டருக்கு உடனே பிடிபட்டது. சட்டையில் கை வைக்கிற வளைவும் அப்படித்தான். நேர்கோடு திடீரென்று வட்டமானால் துணி அங்கே இழுத்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக வளைய விட வேண்டும். வளைவுகளின் நுனியை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, நேர்த் தண்டவாளத்தை இன்னும் ஒரு அரை அங்குலம் சுவர்ப் பக்கம் தள்ளினார். மெல்லிய மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனையை நேர்கோட்டிலும் மறுமுனையை வட்டத்திலும் பிடித்தால், இடையில் சட்டம் தானாகவே மெல்ல வளைந்து வழி காட்டும். ஒரு முனையை மகள் பிடித்தாள், அவர் அதை ஒட்டிக் கோடு போட்டுத் தண்டவாளம் பதித்தார். எட்டு இடத்துக்கும் அவளே பிடித்தாள். சாயங்காலம் ரயில் நாலு மூலையையும் ஒரு முனகல் இல்லாமல் சுற்றி வந்தது.

பிறகு மாஸ்டரும் தச்சரும் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் போட்டார்கள்.

"இது யாருக்கு?" என்றாள் மகள்.

"உனக்கு."

"நாளைக்கு அவர் வர்றாரேப்பா."

"வரட்டும்."

அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, பணிவான சிரிப்பு. மாமியார் கொடுத்த காப்பியை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினான். மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். அவள் நின்ற திசையை அவன் பார்க்கவே இல்லை.

"மாமா, ரெண்டு நாள்னு வந்தவ ஒன்பது நாளாச்சு. கிளம்பச் சொல்லுங்க."

 அளவு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மாஸ்டர் உடனே சொல்லியிருப்பார். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். மகளும் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார்.

"மாப்ளை, அவ அங்கதான் நிக்கறா. அவகிட்ட கேளுங்க."

"நீங்க சொன்னா கேட்பா மாமா."

"நான் சொல்ல மாட்டேன். என் பொண்ணு இங்க இருக்கணும்னு எனக்கு ஆசை. இது அவ வீடு, அது அவ ரூம். கூட்டிட்டுப் போகணும்னா, அவ முகத்தைப் பார்த்து நீங்க கேளுங்க. மழையில நிக்க வச்சீங்களே, அதுக்கு மன்னிப்பும் சேர்த்துக் கேளுங்க."

முப்பத்தோரு வருடத்தில் அவர் சேர்த்துப் பேசியதைவிட இது அதிகம்.  மாப்பிள்ளை காப்பியைக் கீழே வைத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையைத் திருப்பி அவளைப் பார்த்து 'வா' என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ! அவன் சுவரைப் பார்த்தபடியே, "நான் யார்கிட்டயும் கெஞ்சறதில்ல" என்றான்.

"நான் வரல" என்றாள் மகள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். படிக்கட்டில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாக்காரி அவன் குடிக்காமல் வைத்த காப்பியை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள்.

மாஸ்டர் அறைக்குப் போனபோது மகள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்த வாய்க்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"நாலு வருஷம் ஏன் கண்ணு பொறுத்துட்டு இருந்தே? முன்னாடியே வந்திருக்கலாம்ல?"



"வந்தேம்பா. போன வருஷம் பெட்டியெல்லாம் கட்டிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அங்கேருந்துதான் உங்களுக்கு போன் பண்ணேன். நான் விஷயத்தைச் சொல்றதுக்குள்ள நீங்க, உன் ரூம்ல ஸ்டேஷன் கட்டி முடிச்சிட்டேன், ரூம் முழுக்க ரயில்தான், நிக்கக்கூட இடமில்லன்னு சொன்னீங்க. நீங்க அவ்வளவு சந்தோஷமா, அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல. ரொம்ப நல்லாருக்குப்பான்னு சொல்லி போனை வச்சிட்டு, திரும்பப் போற பஸ்ல ஏறிட்டேன்."

அந்தப் பேச்சு மாஸ்டருக்கு நன்றாக நினைவிருந்தது. நிலையத்துக்குக் கூரை போட்டு முடித்த நாள். போனை வைத்துவிட்டு மனைவியிடம், என் பொண்ணுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்று சொன்னது நினைவிருந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தம் கேட்டது கூட நினைவிருந்தது. கடைக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டார். ஒரு வருடம். அதற்குள் எத்தனை இருபத்தைந்து நாள்!

மாஸ்டர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். "தெரியாமப் போச்சே கண்ணு. என்னை மன்னிச்சிடும்மா" என்று அழுகைக்கு நடுவில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மனைவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

மகள் நகர்ந்து வந்து, அவர் கையை முகத்திலிருந்து மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழாதீங்கப்பா. இப்ப வந்துட்டேன்ல."